நீருக்குள் வாழும் செடி எது?

நேயர்களுக்கு என் வணக்கம். மீன் தொட்டியில் உயிருள்ள செடிகளை வளர்ப்பது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விளக்கையும் உரத்தையும் பற்றியே முதலில் பேசுகிறார்கள். அவற்றுக்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் வாங்கப்போகும் செடி முழுவதும் நீரில் மூழ்கிய நிலையில் வாழக்கூடியதுதானா?

மீன் தொட்டிச் செடி என்ற பெயரில் விற்கப்படும் அனைத்தும் அப்படிப்பட்டவை அல்ல. அதிர்ஷ்ட மூங்கில் எனப்படும் டிரசீனாவும் (அது மூங்கில் இனமே அல்ல), மாண்டோ புல்லும், அமைதி அல்லியும் நிலத்தாவரங்களே. வேர் மட்டும் நீரில் இருக்க, இலைகள் காற்றில் நின்றால் டிரசீனா நெடுங்காலம் வாழும். முழுதும் மூழ்கிவிட்டாலோ சில வாரங்கள் பசுமையாகத் தோற்றம் காட்டிவிட்டு, மெல்ல அழுகி, மீன்களுக்கு நஞ்சாகும் அம்மோனியாவை நீரில் சேர்க்கும்.

நீருக்குள்ளேயே வளர்ந்த இலை மெல்லியது. மெழுகுப் பூச்சு மிகக் குறைந்தது. நீரே அதைத் தாங்குவதால் உறுதியான திசுக்கள் அதற்குத் தேவைப்படுவதில்லை. வெளியே எடுத்தவுடன் அது துவண்டு விழும். ஆயினும் இந்தச் சோதனையை மட்டுமே நம்பிவிடக் கூடாது. அனுபியாஸ் தடித்த, விறைப்பான இலைகளைக் கொண்டிருந்தும் நீருக்குள் நன்றாக வாழ்கிறது. மேலும், பல பண்ணைகள் நீரிலும் கரையிலும் வாழவல்ல செடிகளை ஈரமான காற்றில் வளர்த்தே விற்கின்றன. அவை தொட்டிக்கு வந்ததும் பழைய இலைகளை உதிர்த்து, வேறு வடிவில் புதிய இலைகளை விடுகின்றன. கிரிப்டோகோரைன் இப்படி இலைகள் கரைந்துபோன பின்பும் வேரிலிருந்து மீண்டு தழைப்பதால், அவசரப்பட்டு அதைப் பிடுங்கி எறிய வேண்டாம்.

அடுத்து, ஒன்றுபோல் தோன்றும் செடிகளைப் பிரித்தறிய வேண்டும். கபொம்பா, லிம்னோஃபிலா, செரட்டோஃபில்லம் ஆகிய மூன்றுக்கும் இலைகள் நுண்ணிய இழைகளாகப் பிரிந்திருக்கும். கணுவைக் கவனித்தால் ஐயம் தீரும். கபொம்பாவில் காம்புள்ள இலைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். லிம்னோஃபிலாவில் இலைகள் தண்டைச் சுற்றி வட்டமாக அமையும். செரட்டோஃபில்லத்திலும் வட்ட அமைப்பே என்றாலும், இழைகள் இரண்டிரண்டாகக் கிளைத்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும், வேரும் இராது. இந்த வேறுபாடு வெறும் பெயர் சார்ந்ததன்று. கபொம்பாவுக்கு நல்ல ஒளி வேண்டும். லிம்னோஃபிலா மிதமான ஒளியிலும் வளரும். செரட்டோஃபில்லத்தை மிதக்கவிட்டாலே போதும், மண்ணில் புதைத்தால் அடிப்பகுதி அழுகக்கூடும். நாடா போன்ற இலைகளுடைய வாலிஸ்நேரியாவையும் சாஜிட்டேரியாவையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இலை நுனியோரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள்: நுண்ணிய பற்கள் தட்டுப்பட்டால் அது வாலிஸ்நேரியாவாகவே இருக்கும். நீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனைப் பெறக்கூடியது என்பதால், கடின நீர் உள்ளவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான்.

வாங்கும்போது இலையின் அழகைவிடக் குருத்தையும் வேரையும் பார்ப்பது நல்லது. குருத்து உறுதியாகவும் வேர் வெளிர் நிறமாகவும் இருந்தால், ஓரிரு இலைகள் கிழிந்திருப்பது ஒரு குறையல்ல. ஜாவா பெரணியின் இலையடியில் வரிசையாகத் தெரியும் கரும்புள்ளிகள் வித்துக்கூடுகளே, நோய் அல்ல. அந்தப் பெரணியையும் அனுபியாஸையும் கல்லிலோ மரத்துண்டிலோ கட்டிவைக்க வேண்டும். அவற்றின் மட்டநிலத்தண்டை, அதாவது கிடையாக வளரும் தடித்த தண்டை, மணலில் புதைத்தால் அது அழுகிவிடும். பொன்மீன் வளர்ப்பவர்களுக்கும் இவ்விரண்டுமே ஏற்றவை. மென்மையான இலைகளையெல்லாம் பொன்மீன்கள் மேய்ந்துவிடும்.

புதிய தொட்டிக்கு விரைந்து வளரும் தண்டுச் செடிகளை நிறைய வைப்பதே என் ஆலோசனை. அவை நீரிலுள்ள அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்வதோடு, பாசிக்கு உணவு மிஞ்சாமலும் பார்த்துக்கொள்ளும். சிவப்பு இலைச் செடிகள் மிகுந்த ஒளி கேட்பவை. அவை பிறகு வரட்டும்.

வாங்கிவந்த செடியை நேராகத் தொட்டியில் இடாமல், தனிப் பாத்திரத்தில் சில நாள் வைத்து, அடிக்கடி நீரை மாற்றுங்கள். இலையடியில் ஒட்டியிருக்கும் கூழ் போன்ற நத்தை முட்டைகளை அப்போது நீக்கிவிடலாம். பண்ணையில் தெளித்த பூச்சிமருந்தின் எச்சம் சிறிதளவு இருந்தாலும் இறால்கள் இறந்துவிடும் என்பதால், இறால் வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். வெட்டியெடுக்கும் மிச்சத் துண்டுகளைக் குளத்திலோ ஓடையிலோ போடாமல், வெயிலில் காயவைத்து உரக்குழியில் சேருங்கள். ஹைட்ரில்லாவும் கபொம்பாவும் கணுவுள்ள ஒரு சிறு துண்டிலிருந்தே மீண்டும் வளர்ந்து பரவக்கூடியவை.