பழைய ஷூ எங்கே போகிறது?

காட்சி: ஷூவின் அடிப்பாகத்தைக் கிழித்து, காசு அளவே உள்ள சின்னக் கருவியை உள்ளே வைக்கும் கை.

2022-இல் சிங்கப்பூரில் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் 11 ஜோடி பழைய ஷூக்களுக்குள், இருப்பிடம் காட்டும் கருவியை ஒளித்து வைத்தார்கள். பிறகு அவற்றை மறுசுழற்சிப் பெட்டிகளில் போட்டார்கள். பெட்டியில் விழும் ஷூக்களை அரைத்து ஓடுதளமும் குழந்தைகள் விளையாட்டுத் திடலும் அமைப்பதுதான் திட்டம். டௌ என்ற அமெரிக்க ரசாயன நிறுவனமும் சிங்கப்பூர் அரசும் சேர்ந்து நடத்தியது.

காட்சி: வரைபடத்தில் சிங்கப்பூரிலிருந்து தெற்கே நகரும் புள்ளிகள்.

பத்து ஜோடி கடல் தாண்டி இந்தோனேசியாவுக்குப் போய்விட்டது. பழைய ஷூ இறக்குமதிக்குத் தடை போட்டிருக்கும் நாடு அது! யாராவது போட்டு நடந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் கொடுத்தவர்களிடம் சொன்னது வேறு. 11 ஜோடியில் ஒன்றுகூடத் திடலாகவில்லை.

ஷூவை அரைப்பதில் அப்படி என்ன கஷ்டம்?

காட்சி: பிரித்துப் போட்ட ஓட்ட ஷூவின் பாகங்கள்.

2013-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஓட்ட ஷூவைக் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 65 பாகங்கள். மேலே துணி, நடுவில் நுரை, கீழே ரப்பர். எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது பசை. ஓடும்போது பிரியக் கூடாது என்றே ஒட்டியது, குப்பைக்கு வந்த பிறகு மட்டும் எப்படிப் பிரியும்?

அப்புறம் அந்த நுரை. பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக். சூட்டில் அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், திரும்ப உருக்கி வார்க்க முடியாது. வெந்த இட்லி மறுபடி மாவாகுமா? உதிர்த்து உப்புமா கிளறலாம், அவ்வளவுதான். நைக்கி நிறுவனம் 1990-களிலிருந்து செய்துவருவதும் இந்த உப்புமாதான்: பழைய ஷூவைத் தூளாக்கி, ஓடுதளத்திலும் கூடைப்பந்துத் திடலிலும் சேர்ப்பது. பழைய ஷூ மறுபடி புது ஷூவாவது அபூர்வம்.

அதனால் அரைப்பது கடைசி வழியாக இருக்கட்டும் என்பேன்.

காட்சி: குடை நிழலில் ஷூ தைக்கும் கை.

வாய் பிளந்த ஷூவை முதலில் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோங்கள். தொழிற்சாலைப் பசை விட்ட இடத்தில், சுற்றிலும் ஒரு தையல் போட்டுக் கொடுப்பார். அடுத்த மழைக்காலம் வரைக்கும் கவலையில்லை. மேல்பாகம் கிழிந்து அடி மட்டும் நன்றாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. மும்பையின் கிரீன்சோல் நிறுவனம் அப்படிப்பட்ட ஷூவின் அடியை எடுத்து, வார் மாட்டிச் செருப்பாக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது.

காட்சி: அலமாரியிலிருந்து எடுத்த ஷூ. விரல் பட்டதும் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்கிறது.

இதை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு வாங்கி, இரண்டே முறை போட்டு, டப்பாவில் பத்திரப்படுத்தியது. பாலியூரித்தேன் என்ற நுரையைக் காற்றின் ஈரமே மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்! போடாமல் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் இப்போதே கொடுங்கள்.

சரி, கொடுக்கும்போது ஒரு சின்ன வேலை. துடைத்து, வெயிலில் காயவைத்து, இரண்டு ஷூவின் லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள். மூட்டைக்குள் ஜோடி பிரிந்துவிட்டால், எவ்வளவு நல்ல ஷூவும் குப்பைதான்.

காட்சி: முடிச்சுப் போட்ட ஜோடி, வாசல் ஆணியில் தொங்குகிறது.