கதவு ஏன் திறக்கவில்லை? டிஎன்டி நடத்த இலவசக் கருவிகள்

நான் நடத்திய டிஎன்டி ஆட்டத்தில் ஒரே ஒரு பூட்டிய கதவு. இருபது பக்கப் பகடையில் 18 அல்லது அதற்கு மேல் விழுந்தால் திறக்கும். நாலு பேர் ஆளுக்கு ஒருமுறை உருட்டினார்கள், நாலும் புஸ். அப்புறம் முக்கால் மணி நேரம் கதவு முன்னாடியே பஞ்சாயத்து. எல்லோரும் பகடையைத் திட்டினார்கள். தப்பு என்னுடையது. எப்படி என்று சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள்.

வணக்கம் மக்களே. டிஎன்டி என்றால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை பேசிப் பகடை உருட்டும் ஆட்டம். 1974-ல் வந்தது. வரலாறு அவ்வளவு போதும். புத்தகம் வாங்கக் காசில்லையா? ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள், அதாவது எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலிருந்து யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. இறக்கிக்கொள்ளுங்கள்.

வரைபடத்துக்கு வாட்டபூ என்பவரின் ஊர் ஜெனரேட்டர். ஒரு கிளிக்கில் மதிலும் தெருவுமாக முழு ஊர் வந்துவிடும். நண்பர்கள் வெளியூரிலா? ஔல்பேர் ரோடியோ என்ற தளத்தில் படத்தை ஏற்றி லிங்க் அனுப்புங்கள், எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்து ஆடலாம். ஃபவுண்ட்ரியும் இதே வேலைக்குத்தான், ஆனால் பெரிய சமாச்சாரம். கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், ஒருமுறை காசு கட்டினால் மற்றவர்களுக்குச் செலவில்லை. ஆனால் முதல் நாளே அதில் இறங்கினால் விளையாட மாட்டீர்கள், செட்டிங்ஸ்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி, என் செல்லத்துக்கு வருவோம். எனிடைஸ்.

(திரையில்: வெறும் பெட்டி, கீழே பட்டை வரைபடம்)

பார்க்க ஒன்றுமே இல்லை, இல்லையா? எந்தப் பகடையை எழுதினாலும் எந்த எண் எத்தனை சதவீதம் என்று புட்டுப்புட்டு வைக்கும். நம்ம கதவைப் போடுவோம். ஒருவருக்கு 18 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு 15 சதவீதம். நாலு பேரும் கோட்டைவிட வாய்ப்பு? 52! அதாவது கதவு திறக்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பாவம் பகடை. 18-ஐ 15 ஆக்கிப் பாருங்கள், 52 இறங்கி 24 ஆகிவிடுகிறது. மூன்றே எண், பாதிக்கும் கீழே!

பகடை ஆறு பக்கம், இருபது பக்கம் என்றுதான் இருக்க வேண்டும் என்றில்லை. 0, 1, 2, 3 என்று நாலு பக்கம் கொடுத்து இரண்டு கட்டை போடுங்கள். நம்ம தாயக்கட்டையேதான்! தாயம் விழ 12.5 சதவீதம், அதாவது எட்டுக்கு ஒன்று. அத்தை வீட்டுத் திண்ணையில் நான் அரை மணி நேரம் தாயமே விழாமல் உட்கார்ந்திருந்த கணக்கு இன்றைக்குத்தான் புரிகிறது. உங்களுக்கு எத்தனை உருட்டில் விழுந்தது, கமென்ட்டில் போடுங்கள்.

அடுத்த வாரம் கதவை 15 ஆக்கிவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் ஜன்னல் வழியாகப் போய்விட்டார்கள்.