துப்பாக்கி இல்லாமல் 84 நாள்கள்

வணக்கம். இப்போது காலை ஐந்தே முக்கால் மணி. என் பின்னால் கருநீலமாகத் தெரிவது மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு ஓரத்தில், எங்கள் தோட்டம் இருக்கிறது. எங்கள் கிணற்று மேட்டிலிருந்து வரப்பு வழியே பத்து நிமிடம் நடந்தால் காப்புக்காட்டின் எல்லைக்கல் வந்துவிடும். நிலக்கடலை, மக்காச்சோளம், வரப்போரம் தென்னை, வீட்டைச் சுற்றிச் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிகள், இரண்டு நாய்கள், அப்பா விட்டுச் சென்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று: இவ்வளவுதான் எங்கள் குடித்தனம். துப்பாக்கியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் கோழியிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்தத் துப்பாக்கி இந்த வீட்டுக்குள் வந்ததே கோழிக்காகவும் கடலைக்காகவும்தான்.

இந்தப் பஞ்சாரத்துக்குள், அதாவது கோழிகளை அடைக்கும் கூடைக்குள், இருப்பது அடைக்கோழி. பதின்மூன்று முட்டைகள் வைத்திருக்கிறேன், இன்று எட்டாம் நாள். கூடையின் அடியில் மணலும் அதன்மேல் வைக்கோலும் இருக்கின்றன. ஓரத்தில் தெரிகிற இரும்புத் துண்டையும் காய்ந்த மிளகாயையும் அம்மா வைத்தார். இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை நான் ஆராய்ந்ததில்லை, எடுத்துப் போடவும் எனக்கு மனம் வரவில்லை. இப்போது இந்த முட்டையைப் பாருங்கள். கைப்பேசியின் விளக்கை அடியில் பிடித்தால், உள்ளே சிலந்தி கால் பரப்பியதுபோல் சிவந்த நரம்புகள் ஓடுகின்றன, நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி அசைகிறது. இது உயிருள்ள முட்டை. இந்த இன்னொன்று வெளிச்சத்தில் வெறும் மஞ்சளாக நிற்கிறது, இது கூமுட்டை. இதை எடுத்துவிட்டால் மற்றவற்றுக்குச் சூடு நன்றாகக் கிடைக்கும். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு பொரிக்கும்.

பொரித்த குஞ்சுகளில் எத்தனை வளர்ந்து கோழியாகும் என்பதுதான் எங்கள் கேள்வி. ஆறு ஆண்டுகளாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன்: எந்த நாள், எத்தனை, யார் எடுத்தது, எந்த நேரம். பகலில் வல்லூறு. விடியற்காலையில் கீரி. இரவில் எப்போதாவது காட்டுப்பூனை. இவர்கள் எல்லோரையும்விட அதிகமாகக் கொண்டுபோவது வெள்ளைக்கழிச்சல் நோய். அது ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலியாகிவிடும். பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறை இதற்கான தடுப்பூசி முகாமை ஊர் ஊராக நடத்துகிறது, அதைத் தவற விடாதீர்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசி. மருந்தை வாங்கி வரும்போது பனிக்கட்டி போட்ட குடுவையில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். ஒருமுறை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெயிலில் வண்டியோட்டி வந்தேன், அந்த மருந்து வெறும் தண்ணீராகத்தான் வேலை செய்தது. அந்த ஆண்டு நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் கழிச்சல் என்றே எழுதியிருக்கிறது.

இதோ, இவன்தான் கருவாயன். கோம்பை இனம். கோம்பை என்பது எங்கள் மாவட்டத்தில், உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள ஊரின் பெயர், நாய்க்கும் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. செம்மண் நிற உடம்பு, கறுத்த முகவாய், பிடித்தால் விடாத தாடை. வேட்டைக்கென்று வளர்க்கப்பட்ட வம்சம் ஆகையால், கோழியோடு சேர்த்து வளர்ப்பது எளிதன்று. செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால் திருந்திவிடும் என்று இங்கே ஒரு பழைய வைத்தியம் உண்டு. அதை நான் செய்வதில்லை, நாய் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்வதாகவும் எனக்குத் தோன்றவில்லை. நாற்பத்தைந்து நாள் குட்டியாக வந்தபோதே இவனுடைய சோற்றுத் தட்டைப் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கோழிகள் இவனைச் சுற்றி மேயும், இவன் கட்டிப்போட்டபடி கிடந்து பார்ப்பான், பாய்ந்தால் தட்டை எடுத்துவிடுவேன். எட்டு மாதம் ஆயிற்று. இப்போது தாய்க்கோழி இவன் தட்டிலேயே பருக்கை பொறுக்குகிறது. மற்றவள் மணி, நாட்டு நாய், காவலில் இவனைவிடக் கூர்மையானவள். பாம்புக்கு அவள் குரைப்பது விட்டு விட்டு வரும், நின்ற இடத்தை விட்டு நகரமாட்டாள். மனிதர் வந்தால் ஓடிக்கொண்டே குரைப்பாள். கீரிக்குக் குரைப்பதில்லை, மண்ணைத்தான் பிறாண்டுவாள். அந்தப் பிறாண்டும் ஓசைக்கு நான் உறக்கத்திலிருந்து எழுந்துவிடுகிறேன். இரண்டு பேருக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறேன்.

இவர்களுக்கு முன்பு செவலை என்று ஒருவன் இருந்தான். காட்டோரத்தில் யாரோ பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்துவிட்டான். பழத்துக்குள்ளோ மாவுருண்டைக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் பொதிவதைத்தான் அவுட்டுக்காய் என்கிறோம். யானையும் மாடும்கூட அதில் வாய் சிதைந்து சாகின்றன. செவலை வீட்டு வாசல் வரை நடந்து வந்தான். மேற்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. வெடிமருந்து எவ்வளவு நெருக்கத்தில் எங்கள் வாழ்வோடு கிடக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இனித் துப்பாக்கி. பெட்டியைத் திறக்கிறேன், படம் கொஞ்சம் இருட்டாக இருக்கும். இது குழலின் வாய்ப்பக்கமாக வெடிமருந்தும் ரவை என்கிற சிறு குண்டுகளும் அடைக்கிற வகை. கரிமருந்தைப் போட்டு, தேங்காய் நாரை வைத்து, இந்தக் கம்பியால் இடித்து இறுக்கி, பின்பக்கம் தீப்பொறி தரும் சிறு மூடியான கேப்பு ஒன்று வைக்க வேண்டும். ஒரு முறை சுட்டால் மறுமுறைக்கு ஒரு நிமிடமாவது பிடிக்கும். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று குறிப்பிடுவது இந்த வகையைத்தான். உரிமம் பெறுபவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்கு முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்தது. அதே திருத்தத்தில், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அப்பாவுக்கு எழுபது வயது கடந்ததும் வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு விண்ணப்பித்தோம். காவல் துறையின் விசாரணை முடிந்து உரிமம் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாமதத்தில் எனக்கு வருத்தமில்லை, துப்பாக்கி கேட்டு வருகிறவரை ஓராண்டு பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லதுதான்.

உரிமம் இருந்தால் பன்றியைச் சுடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. முடியாது. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப்பன்றியைக் காக்கிறது, மயிலையும் கீரியையும் காட்டுப்பூனையையும் காக்கிறது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். எங்கள் தோட்டம் முழுவதும் அந்த முதல் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. பன்றி என்று நினைத்து இருட்டில் மனிதரைச் சுட்டுவிட்ட செய்திகளை இந்த மலையடிவாரத்து மக்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். சோளக்காட்டுக்குள் இரவில் அசைவது எது என்று குரலை வைத்துச் சொல்ல மணிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

நான் உங்களிடம் சொல்ல வந்தது 2024 ஆம் ஆண்டின் கோடைகாலத்தைப் பற்றி. மார்ச் 16 ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மார்ச் 20 ஆம் தேதி ஒப்படைத்து ரசீது வாங்கினேன். ஏப்ரல் 19 ஆம் தேதி வாக்குப்பதிவு, ஜூன் 4 ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. ஜூன் 12 ஆம் தேதிதான் போய் வாங்கி வந்தேன். ஆக, 84 நாள்கள் இந்தப் பெட்டி காலியாக இருந்தது. முதல் வாரம் எனக்கு உறக்கமே சரியாக இல்லை. துப்பாக்கி இல்லாத வீடு என்று காட்டுக்கே தெரிந்துவிட்டதுபோல் ஓர் எண்ணம்.

துப்பாக்கி திரும்பி வந்த பிறகு நோட்டை எடுத்து, அந்த 84 நாள்களையும் அதற்கு முந்திய ஆண்டின் அதே நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். துப்பாக்கி வீட்டில் இருந்த ஆண்டில் ஏழு குஞ்சுகளும், விடை என்று நாங்கள் சொல்லும் இளங்கோழிகள் இரண்டும் போயிருந்தன. இல்லாத ஆண்டில் ஆறு குஞ்சுகளும் ஒரு விடையும். குறைந்ததற்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை, இவ்வளவு சிறிய வேறுபாட்டில் பொருளில்லை. ஆனால் ஒவ்வொரு வரியாகப் படித்தபோது, அந்த இரண்டு ஆண்டுகளிலும் துப்பாக்கியால் காப்பாற்றியிருக்கக்கூடிய ஓர் உயிரைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. வல்லூறு வந்து போவது இரண்டு நொடி, மருந்து இடிக்க எனக்கு ஒரு நிமிடம். கீரியைச் சுடச் சட்டம் இடம் தராது. கழிச்சலைச் சுட முடியாது.

நோட்டு வேறொன்றையும் காட்டிக் கொடுத்தது. விடியற்காலைத் திருட்டுகள் எல்லாம் கூண்டின் வடக்கு மூலையில்தான் நடந்திருந்தன. அங்கே போய்க் குனிந்து பார்த்தேன். கோழிவலையின் அறுகோணக் கண்கள் துருப்பிடித்து, கையால் அழுத்தினாலே பிரிந்தன. அடியில் மண் இளகி, என் கை நுழையும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக மணி பிறாண்டிக் காட்டியது அந்த மூலையைத்தான். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் என்கிற பற்றவைத்த கம்பிவலை வாங்கி, ஓரடி ஆழம் தோண்டி, வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தேன். வெளியிலிருந்து தோண்டும் விலங்குக்கு மண்ணுக்குள்ளேயும் கம்பி தட்டுப்படும். அன்றிலிருந்து இன்று வரை கீரி என்ற சொல் என் நோட்டில் வரவில்லை.

அப்படியானால் துப்பாக்கியை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று மனைவி கேட்டார். உண்மையான பதிலைச் சொல்கிறேன்: அதில் அப்பாவின் கைவேர்வை இருக்கிறது. கட்டையின் இந்த இடம் அவர் கன்னம் பட்டு வழுவழுப்பானது. குடகில், கொடவர் இன மக்களுக்கு உரிமம் பெறுவதிலிருந்தே விலக்கு உண்டு. செப்டம்பரில் வரும் கைல்போத் திருநாளில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்துப் பூச்சூட்டி வணங்குவார்கள். அவர்கள் சூட்டும் தோக்குப்பூ என்பது நமது செங்காந்தள்தான், தமிழ்நாட்டின் மாநில மலர். ஆயுதத்தை முன்னோரின் பொருளாக வணங்கிப் பூட்டி வைப்பதில் எனக்கு முரண்பாடு தெரியவில்லை. மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசுகிறேன். மருந்து அடைப்பதில்லை. சாவி எங்கே என்பது என் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இப்போது மாலை ஆறு மணி இருபது நிமிடம். காலையில் நிறுத்திய ஒளிப்பதிவைத் தொடர்கிறேன். கோழிகள் அடைய வந்துகொண்டிருக்கின்றன. எண்ணுகிறேன்: இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு. அடைக்கோழியோடு சேர்த்து இருபத்து மூன்று. இருபத்து நான்கு இருக்க வேண்டும். கருவாயன் மாமரத்தடியில் நின்று மேலே பார்க்கிறான். அந்தக் கறுப்பு விடை இன்றைக்கும் கிளையில் ஏறிவிட்டது. கைப்பேசியை இங்கே வைத்துவிட்டு ஏணியை எடுக்கப் போகிறேன்.