“வயசு அப்படிங்க”

வணக்கம். மனநலம் பற்றிப் பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி.

மனநல மருத்துவராக நான் நாள்தோறும் கேட்கிற ஒரு விளக்கம் இருக்கிறது. 3 வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால், “ஆம்பளப் பையன், லேட்டாத்தான் பேசுவானுங்க.” 19 வயதுப் பையன் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே பேசினால், “வயசுக் கோளாறுங்க.” பிள்ளை பெற்ற பெண் பத்து நாளாகத் தூங்கவில்லை என்றால், “பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பா.” எழுபதைத் தாண்டிய அப்பாரு பேத்தியின் பெயரை மறந்தால், “வயசாயிருச்சுங்க.” எந்த வயதில் என்ன வந்தாலும் பழி வயதின் மேல் விழுகிறது. நோயாளியைக் கூட்டி வருவது ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போகிறது. எங்களுக்கோ வயது ஒரு துப்பு. இந்த அறிகுறி இந்த வயதில் வந்தால் எதைத் தேட வேண்டும் என்பதில்தான் எங்கள் வேலையே ஆரம்பிக்கிறது.

இப்படிப்பட்ட பேச்சுகளில் குழந்தையில் தொடங்கி முதுமையில் முடிப்பார்கள். அங்கே வருவதற்குள் நேரம் தீர்ந்து, பெரியவர்களுக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். அதனால் நான் அந்தக் கடைசியிலிருந்தே வருகிறேன்.

பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் இருக்க, பெரியவர் மட்டும் தோட்டத்துச் சாளையில் இருக்கிற குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரு பெரியவரை வைத்துக்கொள்வோம். முந்தாநாள் வரை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர். நேற்று ராத்திரி எழுந்து உட்கார்ந்து, செத்துப்போன தம்பியைக் கூப்பிட்டுப் பேசுகிறார். காலையில் தெளிவாக இருக்கிறார், சாயங்காலம் மறுபடி குழப்பம். வீட்டில் பாதிப் பேர் மறதி நோய் என்கிறார்கள், மீதிப் பேர் காத்து கருப்பு என்கிறார்கள். இரண்டும் இல்லை. இப்படித் திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்து, ஏறி இறங்குகிற குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் சோடியம் குறைவது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று உடம்பில்தான் காரணம் இருக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளே சோடியத்தை இறக்கிவிடும். காரணத்தைச் சரி செய்தால் பெரும்பாலும் புத்தி தெளிந்துவிடும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. இவரை என்னிடம் கொண்டுவருவதைவிட, உடனே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோவதுதான் சரி.

மறதி நோய் என்கிற டிமென்ஷியா பெரும்பாலும் இப்படி ஒரே நாளில் வராது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வரப்புத் தகராறு ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கும், காலையில் என்ன சாப்பிட்டார் என்பது இருக்காது. ஆனால் மறந்துபோகிற எல்லோருக்கும் டிமென்ஷியா என்று முடிவு கட்டக் கூடாது. தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் மறதி வரும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம் என்பதால், அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்து, அடியும் பெரிதாகத் தெரியாமல், சில வாரம் கழித்துத் தடுமாற ஆரம்பிப்பார்கள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும், அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டால் அதையும் சேர்த்து விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது மனச்சோர்வு. பாட்டி செத்துப்போனதிலிருந்து அப்பாரு சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, கேட்டால் “ஞாபகமில்லை, என்னை விட்ருங்க” என்கிறார். மனச்சோர்வில் இருப்பவர் பதில் தேடவே முயலாமல் தெரியாது என்பார், டிமென்ஷியா உள்ளவர் பல நேரம் எதையாவது சொல்லிச் சமாளிப்பார். சோதித்துப் பார்க்கிறபோது இந்த வித்தியாசம் எங்களுக்கு உதவும். இந்த மறதி சிகிச்சையில் பெருமளவு தேறும். இத்தனையையும் பார்க்காமல், மருந்துக் கடையில் கேட்டு ராத்திரிக்கு ஒரு தூக்க மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள் பாருங்கள், அதில் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். அந்த மாத்திரை குழப்பத்தைக் கூட்டும், எழுந்து நடக்கும்போது கீழே தள்ளும். இடுப்பெலும்பு முறிந்த பெரியவரைப் படுக்கையில் வைத்துப் பார்ப்பது எப்படி என்று பார்த்தவர்களைக் கேளுங்கள்.

சரி, அடுத்து பிள்ளை பெற்ற வீடு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். பிரசவமாகி மூன்று நாலு நாளில் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். இது பெரும்பாலான தாய்மார்களுக்கு வருவது, இரண்டு வாரத்துக்குள் போய்விடும். போகவில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, வாழ்க்கையே வெறுத்துப்போனது என்றால் மனச்சோர்வு. அதைக் கண்டுபிடிக்க எடின்பரோவில் 1987-இல் பத்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள், இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியரிடம் மனம் விட்டுச் சொன்னால்கூட அடுத்து எங்கே போவது என்று வழிகாட்டுவார்.

மூன்றாவது வகை, பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய். இது அபூர்வம், ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிக்கும். குழந்தை தூங்கும்போதும் தாய் தூங்க மாட்டாள், ஓயாமல் பேசுவாள், குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பாள், காதில் குரல் கேட்கும். இதற்கு மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது. பெண்ணின் அம்மாதான் இதை முதலில் கவனிப்பார், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று அவரே மறைக்கவும் செய்வார். அந்த அம்மாக்களுக்குச் சொல்கிறேன்: மனநோய்களில் நன்றாகக் குணமாகிற நோய்களில் இது ஒன்று. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு, எதைக் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்வார். சம்பந்தி வீட்டுக்குச் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இளவயதுக்கு வருவோம். இல்லாத குரல் கேட்கிற, இல்லாததை நம்புகிற மனச்சிதைவும், சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருகிற இருதுருவ மனநிலைக் கோளாறும் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான். அதாவது காலேஜ் விடுதியில், முதல் வேலையில், கல்யாணம் பேசுகிற சமயத்தில். இருதுருவ நோய் பல பேருக்கு முதலில் வெறும் மனச்சோர்வாகத்தான் வரும். அதை மட்டும் பார்த்து மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு அது எதிர்த்துருவத்துக்குத் தள்ளிவிடும்: ராத்திரி இரண்டு மணி நேரத் தூக்கம், கட்டுக்கடங்காத உற்சாகம், கடன் வாங்கிப் புது பிசினஸ். தொழில் ஆரம்பிப்பது சர்வசாதாரணமான ஊர் நம்முடையது என்பதால், அதை நோய் என்று யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஆகவே சோர்ந்துபோய் வருகிற இளைஞனிடம், இதற்கு முன்னால் எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் சில நாள் இருந்தாயா என்று கேட்பது எங்கள் கடமை. அவன் மறந்திருப்பான், அக்காவோ அம்மாவோ சொல்வார்கள்.

இந்த நோய்க்கு லித்தியம் என்ற உப்பு பலன் தரும் என்று ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949-இல் எழுதினார். இன்றைக்கும் அதைத் தாண்டிய மருந்து அதிகமில்லை, தற்கொலையையும் குறைக்கிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாந்தி பேதி வந்தாலோ, சித்திரை வெயிலில் உடம்பில் தண்ணீர் வற்றினாலோ லித்தியம் ஏறி விஷமாகிவிடும். அப்போது உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இதே நோய்க்குத் தரும் வால்புரோயேட் மாத்திரையைக் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இயன்றவரை தவிர்க்கிறோம். கர்ப்பத்தில் சாப்பிட்டால் நூற்றில் பத்துக் குழந்தைகளுக்கு உறுப்புக் குறை வருகிறது. ஏற்கெனவே சாப்பிடுகிற பெண்கள் இதைக் கேட்டுவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

“ஒரு கால்கட்டு போட்டா சரியாயிருங்க டாக்டர்.” இல்லைங்க, ஆகாது. கல்யாணத்தின் அலைச்சலும் தூக்கமின்மையுமே நோயைக் கிளப்பிவிடப் போதும். மறைத்துக் கட்டி வைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டும், மறைத்த மாத்திரை ஒரு மாதத்தில் நின்றுபோகும். நோய் உள்ளவர்கள் கல்யாணம் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிர்த் தரப்புக்குச் சொல்லிச் செய்த கல்யாணங்கள் நன்றாக நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள், பிறகு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்கென்று தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. ஒரு இடத்தில் உட்காராத பையன் எல்லோருக்கும் ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு இல்லை. 12 வயதுக்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும், வீடு பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும். ஓடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண் குழந்தைக்கும் அது இருக்கலாம், அவளை யாரும் கூட்டி வருவதில்லை.

உழைக்கிற வயது ஆண்கள் என்னிடம் மனக்கஷ்டம் என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. தறி ஓட்டுகிறவர், பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர், ரிக் லாரியில் மாசக்கணக்கில் வெளி மாநிலம் போகிறவர் எல்லாம் நெஞ்சு படபடப்பு, வாயு, கை கால் அசதி என்றுதான் சொல்வார்கள். நாலு தடவை ஈ.சி.ஜி. எடுத்து நாலும் நார்மல் என்று வந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டது என்றால் மனச்சோர்வைச் சந்தேகிக்க வேண்டும். மாத்திரை கொடுத்தால் நாலாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள், பலன் தெரியவில்லையாம். பவானிசாகரில் மதகு திறந்த அன்றைக்கே கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுகிறதா? மாத்திரை வேலை செய்யவும் இரண்டு மூன்று வாரமாவது ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்குப் பேச்சு சிகிச்சை இருக்கிறது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் அதைக் கொடுத்தாலே பலன் உண்டு என்று கோவாவில் நடந்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது.

குடியைப் பற்றி ஒரு விஷயம், நம் ஊருக்கென்றே. காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கவோ ஐயப்பனுக்கோ மாலை போட்டு ஒரே நாளில் குடியை நிறுத்துவார். வீடே சந்தோஷப்படும். அன்றைக்கே நடுக்கம், வியர்வை. சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இருக்கிற இடம் தெரியாது. சாமி குத்தம் என்று பயப்படுவார்கள். மூளை பழகிய சாராயம் திடீரென்று நின்றதால் வந்தது இது, கவனிக்காவிட்டால் உயிர் போகும். மாலை போடுங்கள், நல்ல விஷயம். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தயாமின் என்ற வைட்டமின் ஊசியும், நடுக்கத்துக்கு மாத்திரையும் கொடுத்துப் பத்திரமாக நிறுத்தி அனுப்புகிறோம்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்கிறது. உடல்நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பாலிசி எடுக்கும்போது கேளுங்கள்.

வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசினால், பேச்சை மாற்றாதீர்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் வேறு இடத்தில் பூட்டி வையுங்கள், ஆளைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி சேவை இருக்கிறது, எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

மற்றபடி, மனச்சோர்வையோ மனச்சிதைவையோ காட்டுகிற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நாங்கள் எடுக்கச் சொல்வது வேறு உடல்நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். நோயைக் கண்டுபிடிப்பது நீங்கள் சொல்கிற விவரத்தில்தான். அதனால் வரும்போது, கூடவே வாழ்கிற ஒருவரைக் கூட்டி வாருங்கள், காரில் இறக்கிவிட வந்த மச்சானை வேண்டாம். எப்போது ஆரம்பித்தது, குடும்பத்தில் வேறு யாருக்கு இருந்தது என்று வீட்டிலேயே பேசிக் குறித்துக்கொண்டு வாருங்கள். பழைய சீட்டு ஒன்றையும் கிழித்துப் போடாதீர்கள். சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, பையோடு கொண்டு வாருங்கள். அட்டையை வெட்டும்போது பெயர் அச்சடித்த பக்கத்தை விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெள்ளையாக, வட்டமாக ஒரு மாத்திரைங்க என்றால் எனக்கும் தெரியாது. வணக்கம்.