பூண்டுக் காட்டில் நின்று பார்த்த விண்மீன்

(கொடைக்கானல் மலையில் பேசியது, எழுத்தில் தருகிறேன்.)

ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களுக்கும், இந்தக் குளிரிலும் மைதானத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் ஐயாவுக்கும், வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர்களுக்கும், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பூம்பாறைச் சொந்தங்களுக்கும் வணக்கம். விடுதி நடத்தும் அண்ணன்மார்களே, உங்களுக்குத் தனி வணக்கம், கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன், போய்விடாதீர்கள்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். வெண்குறுமீன் என்றால் என்ன, அதன் எக்ஸ் கதிரை எப்படிப் பார்க்கிறார்கள், 2015இல் நாம் அனுப்பிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் என்ன செய்கிறது.

சூரியன் மாதிரி ஒரு விண்மீன் எரிந்து முடிந்தால் மிஞ்சுவது வெண்குறுமீன். சூரியனின் எடையைப் பூமி அளவு உருண்டைக்குள் அமுக்கியது போல. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை தாங்காது என்று கணக்குப் போட்டவர் நம் வானியல் விஞ்ஞானி சந்திரசேகர், 1930இல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது, 19 வயதில்! தனியாக இருந்தால் அது மெல்ல ஆறிப்போகும். பக்கத்தில் ஜோடி விண்மீன் இருந்தால் அதன் வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கும். விழுகிற வாயு மோதி, கோடிக்கணக்கான டிகிரி சூடேறி, எக்ஸ் கதிரைக் கக்கும். நம் காற்றுமண்டலம் அதை விழுங்கிவிடுவதால் இந்த மலை உச்சியில் நின்றாலும் கிடைக்காது, செயற்கைக்கோள்தான் வேண்டும்.

பால்வீதி நெடுக எக்ஸ் கதிரில் ஒரு மங்கலான ஒளிப்பட்டை தெரியும். அது வெறும் சுடுவாயுவா என்று பல வருடம் சண்டை. விண்வெளியில் சுற்றும் சந்திரா என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி ஒரே இடத்தை ஏறத்தாழ 10 லட்சம் நொடி பார்த்தது. 2009இல் வந்த முடிவு, அந்த ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தனித்தனிப் புள்ளிகள், அதில் பெரும்பகுதி வெண்குறுமீன் ஜோடிகளும் கொந்தளிப்பு மிகுந்த சாதாரண விண்மீன்களும். சிறு துளி பெருவெள்ளம் என்று நம் பாட்டிகள் சொன்னது வானத்துக்கும் பொருந்துகிறது பாருங்கள்.

சரி, நமக்கு இதில் என்ன வேலை? இருக்கிறது. எஸ்எஸ் சிக்னி என்று ஒரு வெண்குறுமீன் ஜோடி, சுமார் 370 ஒளியாண்டு தூரத்தில். ஏழு வாரத்துக்கு ஒருமுறை போலத் திடீரென்று 40 மடங்கு பிரகாசமாகும். எப்போது ஆகும் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. உலகம் முழுக்கச் சாதாரண ஆட்கள் மொட்டைமாடியில் நின்று பார்த்துத் தகவல் சொல்ல, அதை வைத்துச் செயற்கைக்கோளைத் திருப்புகிறார்கள்.

ஒரு அக்டோபரில் அதற்காகப் பூம்பாறைப் பக்கம் சின்னத் தொலைநோக்கியோடு அலைந்தேன். மூன்று வாரமும் எதிர் மேட்டு விடுதியின் போக்கஸ் லைட் கண்ணைக் குத்தியது. ஒருநாள் இடி இடித்து மலை முழுக்க கரண்டு போனது. மழை விட்டதும் ஓடிப்போய் ஒரு பூண்டுக் காட்டில் ஸ்டாண்டை ஊன்றினேன். கண்ணை வைத்ததும், நேற்றுவரை இல்லாத இடத்தில் பொட்டு மாதிரி ஒளி! அதே நேரம் பின்னாலிருந்து டார்ச். "யாருப்பா அது, என் பூண்டை மிதிக்கிறது?" கையில் தடியோடு ஒரு அக்கா, காட்டுமாடு என்று நினைத்து வந்திருக்கிறார். காலைப் பார்த்தால் இரண்டு பாத்தியை மிதித்துத்தான் இருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு, பார்க்கச் சொன்னேன். அவர் குழாயில் பார்த்ததை விட நிமிர்ந்து பார்த்ததுதான் அதிகம். "இம்புட்டு வெள்ளியும் தெனம் இருக்கா?"

"தெனம் இருக்குக்கா, நாமதான் லைட்டப் போட்டு மறைச்சுட்டோம்."

அப்புறம் ஒரு வாரம் கழித்துப் போனேன். அவர் வீட்டு வாசல் பல்புக்கு மேல் எண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்திருந்தார். வெளிச்சம் பாத்தியில் விழுகிறது, காட்டுமாட்டுக்குப் பயம் காட்ட அது போதும், வானம் இருட்டாகவே இருக்கிறது. இந்த மலையில் நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படம்பிடிக்கும் வானாய்வகம் இருக்கிறது, நம் இரவை மட்டும் நாமே கெடுக்கலாமா? விடுதி அண்ணன்மார்களே, மேலே பார்க்கும் விளக்கைக் கீழே திருப்புங்கள், 11 மணிக்கு மேல் அணையுங்கள். ஒரு விளக்கால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். சிறு துளி பெருவெள்ளம்!

ஆஸ்ட்ரோசாட் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் அம்மா மணியைப் பார்க்கிறார். மேடை ஓரத்தில் வெட்டிய டின் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும், பார்த்து.