ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி ஹெலிகாப்டர்: எஞ்சின் தேர்வும் டியூனிங்கும்

நேயர்களுக்கு வணக்கம். ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி ஹெலிகாப்டரைக் கட்டத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, எந்த எஞ்சினுக்குச் சக்தி அதிகம் என்பதுதான். என் கருத்தில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு ஹெலிகாப்டர் தன் பறக்கும் நேரத்தில் பெரும்பகுதியை, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் ஏறத்தாழ பாதி திறந்த நிலையில், அந்தரத்தில் நின்றோ மெதுவாக நகர்ந்தோ கழிக்கிறது. அந்த நிலையில் சுருதி மாறாமல் ஓடும் எஞ்சினே நல்ல எஞ்சின். அதைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும், அப்படி ஓடச் செய்வதைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

தொடக்ககால மாதிரிகள் பலவற்றில் இறக்கைகளின் கோணம் நிலையானது. மேலே எழும்ப ரோட்டரின் வேகத்தையே கூட்ட வேண்டியிருந்தது. இன்றைய எஞ்சின் ஹெலிகாப்டர்களில் ரோட்டர் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழல, இறக்கைகளின் கோணத்தை மாற்றித்தான் ஏறுகிறோம், இறங்குகிறோம். கோணம் கூடினால் சுமை கூடும். அதே கணத்தில் எஞ்சின் கூடுதல் விசையைத் தர வேண்டும். தரத் தயங்கினால் ரோட்டரின் வேகம் விழும், தூக்குவிசை குறையும், எதிர்முறுக்கு மாறுவதால் வாலும் ஒரு பக்கமாக இழுக்கும். வால் ஆடுகிறது என்று, வாலை நிலைநிறுத்தும் கருவியான ஜைரோவைத் திருத்திக்கொண்டே இருப்பவர்களைக் காண்கிறோம். பல நேரங்களில் பிழை ஜைரோவில் இல்லை, காற்றையும் எரிபொருளையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரில் இருக்கிறது.

எஞ்சின்களின் அளவு கன அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் சொல்லப்படுகிறது. 30 என்றால் சுமார் 5 சிசி, 50 என்றால் சுமார் 8 சிசி, 90 என்றால் சுமார் 15 சிசி. ஹெலிகாப்டர் எந்த அளவு எஞ்சினுக்காக வடிவமைக்கப்பட்டதோ அதையே பொருத்துங்கள். பெரிய எஞ்சினைப் பொருத்தினால் கிளட்சும் பல்சக்கரங்களும் தாங்க வேண்டிய முறுக்குவிசை கூடும். சிறியதைப் பொருத்தினால் அது எந்நேரமும் தன் எல்லையில் ஓடிச் சூடேறும். கற்றுக்கொள்கிறவருக்கு 50 வகுப்பைப் பரிந்துரைப்பேன். 30 வகுப்பைவிடக் காற்றில் நிதானமாக நிற்கும். 90 வகுப்பின் செலவும் எடையும் அதற்கு இல்லை. பெட்ரோலில் ஓடும் 23 சிசி, 26 சிசி எஞ்சின்களும் உண்டு. எரிபொருள் செலவு குறைவு. ஆனால் எடைக்குக் கிடைக்கும் சக்தியும் குறைவு என்பதால் அவை நிதானமாகப் பறப்பவர்களுக்கே ஏற்றவை.

விமான மாதிரிக்கான எஞ்சினை எடுத்து ஹெலிகாப்டரில் வைக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வைக்க வேண்டாம். விமானத்தில் எஞ்சினுக்கு முன்னால் சுழலும் ப்ரொப்பெல்லரே அதன்மீது காற்றை வீசுகிறது. ஹெலிகாப்டரிலோ எஞ்சின் உடலுக்குள் மூடிய கூட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சிறிய விசிறி தள்ளும் காற்று மட்டுமே அதற்குக் கிடைக்கும். அதனால் ஹெலிகாப்டர் எஞ்சினின் தலைப்பகுதி அகன்ற, ஆழமான துடுப்புகளோடு வார்க்கப்படுகிறது. கார்புரேட்டரும் நடுத் த்ராட்டிலில் சீரான கலவை தரும்படி அமைக்கப்படுகிறது. வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட குதிரைத்திறனைவிட இந்த இரண்டையுமே பார்க்க வேண்டும்.

எரிபொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டியூனிங்கின் காரணங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. 30, 50, 90 வகுப்பு எஞ்சின்கள் க்ளோ எஞ்சின்கள், அதாவது தீப்பொறிக்குப் பதிலாகச் சிவந்த சுருள் கம்பியால் பற்றவைப்பவை. அவற்றின் எரிபொருள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகிய மூன்றும் கலந்தது. ஒரு கிராம் மெத்தனால் முழுமையாக எரிய ஏறத்தாழ 6.4 கிராம் காற்று வேண்டும். ஒரு கிராம் நைட்ரோமீத்தேனுக்கு ஏறத்தாழ 1.7 கிராம் போதும். ஆகவே நைட்ரோவின் அளவு கூடும்போது, உள்ளே வரும் அதே காற்றில் அதிக எரிபொருள் எரிகிறது, சக்தி கூடுகிறது. அதற்கேற்ப, கார்புரேட்டருக்குள் வரும் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகான நீடிலைத் திறந்து கூடுதல் எரிபொருளை விடவும் வேண்டியிருக்கிறது. 15 சதவீத நைட்ரோவில் டியூன் செய்த எஞ்சினில் 30 சதவீதத்தை ஊற்றிவிட்டு, நீடிலைத் தொடாமல் பறப்பது எஞ்சினைக் கெடுக்கும் செயல். எண்ணெயின் வேலை வேறு. அதில் பெரும்பகுதி எரியாமல் பிஸ்டனையும் சிலிண்டரையும் நனைத்து, வெப்பத்தைச் சுமந்துகொண்டு வெண்புகையாக வெளியேறுகிறது. கலவை லீனாகும்போது, அதாவது காற்றுக்கு எரிபொருள் குறைவாகும்போது, எஞ்சினுக்குக் குளிர்ச்சியும் மசகும் ஒருசேரக் குறைகின்றன. லீனான ஓட்டம் சில நொடிகளிலேயே பிஸ்டனைப் பாழாக்கிவிடக் காரணம் இதுதான்.

க்ளோ பிளக்கில் இருப்பது பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடுகிறோம். அதன்பின் எரிதலின் வெப்பமும், மெத்தனால் ஆவியோடு பிளாட்டினம் நிகழ்த்தும் வினையும் அந்தச் சுருளைச் சிவந்த நிலையிலேயே வைத்திருக்கின்றன. ஹெலிகாப்டருக்கு நடுத்தர வெப்ப வகை பிளக் பொருந்தும். ஓஎஸ் எண் 8, என்யா எண் 3 ஆகியவை பலர் பயன்படுத்துபவை. சுருள் நசுங்கியோ மங்கிச் சொரசொரப்பாகவோ இருந்தால், நீடிலைத் தொடுவதற்கு முன் பிளக்கை மாற்றிவிடுங்கள்.

நீடிலைத் தொடுவதற்கு முன் இன்னும் சிலவற்றையும் பார்த்துவிட வேண்டும். எரிபொருள் ட்யூபில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்றுக்குமிழ்கள் உள்ளே போகும். அது லீன் கலவையைப் போலவே தோன்றி, நீடிலைத் திறக்கத் திறக்கத் தீராமல் அலைக்கழிக்கும். டேங்கின் நடுப்பகுதி கார்புரேட்டரின் மட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். மஃப்ளரிலிருந்து (சைலன்சரிலிருந்து) டேங்குக்கு வரும் அழுத்தக் குழாய் இறுக்கமாக இருக்க வேண்டும். ரேடியோக் கருவியின் குச்சி நடுவில் இருக்கும்போது கார்புரேட்டரின் த்ராட்டில் கையும் நடுவில் நின்று, இரு முனைகளிலும் முழுமையாகத் திறந்து மூட வேண்டும்.

இனி டியூனிங்குக்கு வருவோம். முதன்மை நீடிலைக் கையேடு சொல்லும் அளவுக்குத் திறந்து வையுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் அது ஒன்றரை முதல் இரண்டு சுற்றாக இருக்கும். கார்புரேட்டருக்குள் வரும் எரிபொருள் எல்லாம் இந்த நீடிலைக் கடந்தே வருவதால், இங்கே செய்யும் மாற்றம் ஐடில்வரை, அதாவது எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் நிலைவரை எதிரொலிக்கும். எனவே முதலில் முதன்மை நீடிலைச் சற்று ரிச்சாக (எரிபொருள் மிகுதியாக) நிறுத்திவிட்டு, அந்தரத்தில் நிறுத்திப் பார்த்து, குறைந்த த்ராட்டிலுக்கான ஐடில் நீடிலைச் சரிசெய்து, பிறகு முதன்மை நீடிலுக்குத் திரும்பும் முறையையே நான் பின்பற்றுகிறேன். புதிய எஞ்சினாக இருந்தால், முதல் சில டேங்குகளை ரிச் பக்கத்தில் மென்மையான ஹோவரிலேயே (அந்தரத்தில் நின்றபடியே) ஓட்டுங்கள்.

ஹோவரில் மூன்றைக் கவனியுங்கள்: ஒலி, புகை, வால். எஞ்சின் தடதடவென்று தடுமாறி, புகை அடர்த்தியாக வந்து, ஹெலிகாப்டர் தானாகவே மெல்ல ஏறி இறங்கினால் நடுத் த்ராட்டிலில் கலவை ரிச்சாக இருக்கிறது. ஒலி கூர்மையாகி, புகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்தால் லீன். சரியான கலவையில் மெல்லிய வெண்புகை இடையறாமல் பின்தொடரும். ஐடில் நீடிலை ஒரு முறைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். இறக்கியதும் எஞ்சின் உடனே தணியாமல் சில நொடிகள் வேகமாகவே ஓடிக்கொண்டிருந்தால், கீழ்நிலைக் கலவை லீன் என்று கொள்ளலாம். அரை நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு மறுபடி எழுப்பும்போது புகையைக் கக்கித் திணறினால், அது ரிச்.

அடுத்தது ஏற்றம். இறக்கைக் கோணத்தை முழுவதும் கொடுத்து நேராக மேலே ஏற்றுங்கள். ஒலி தொடக்கத்தில் பலமாக இருந்து, ஏற ஏறத் தளர்ந்து, புகையும் நின்றுவிட்டால் உடனே குச்சியை இறக்கிவிடுங்கள்; முதன்மை நீடிலை மூன்று நான்கு கிளிக் (திருப்பும்போது கேட்கும் சொடுக்கு) திறக்க வேண்டும். கரகரப்போடு சக்தியில்லாமல் ஏறினால் இரண்டு கிளிக் மூடலாம். திறப்பதில் தாராளமும் மூடுவதில் கஞ்சத்தனமும் இங்கே நல்லது.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஹெலிகாப்டரைத் தரையிறக்கி, எஞ்சினை ஐடிலுக்குக் கொண்டுவந்து, ரோட்டர் முற்றிலும் நின்றபின்தான் கைவைக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள ரோட்டர் நிமிடத்துக்கு 1600 சுற்று சுழலும்போது இறக்கை முனையின் வேகம் மணிக்கு 450 கிலோமீட்டர் என்பதை மனத்தில் வையுங்கள். எஞ்சினை நிறுத்திய உடனே, கிராங்க் கேஸின் பின்மூடியை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். நான்கைந்து நொடி வைத்திருக்க முடிந்தால் வெப்பம் அளவோடு இருக்கிறது. தொட்டதும் விரல் தானாக விலகினால் கலவை லீன். சிலிண்டரின் தலையைத் தொடாதீர்கள். அது எந்நிலையிலும் சுடும்.

இவற்றையெல்லாம் முடித்த பிறகே கவர்னரை இயக்க வேண்டும். ரோட்டரின் வேகம் குறைந்தால் கவர்னர் தானாகவே த்ராட்டிலைத் திறந்து ஈடுகட்டும். அந்த ஈடுகட்டலில் கலவைக் கோளாறு மறைந்துபோகும். குச்சியின் நிலைக்கேற்ப த்ராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று ரேடியோவில் அமைக்கும் த்ராட்டில் வளைவை மாற்றிக் கலவைப் பிழையைச் சரிக்கட்ட முயல்வதும் இதே தவறு. குளிர்ந்த நாளில் காற்று அடர்ந்திருப்பதால் நீடிலை ஓரிரு கிளிக் திறக்க வேண்டியிருக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாளில் காற்று நெகிழ்ந்து கலவை தானாகவே சற்று ரிச்சாகும். அதை முழுதும் மூடிச் சரிசெய்ய முனையாமல், குளிர்ச்சிக்காக அந்தக் கூடுதல் எரிபொருளில் ஒரு பங்கை விட்டுவைப்பேன்.

கடைசிப் பறப்பு முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, ட்யூபை விலக்கி, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஐடிலில் ஓடவிடுங்கள். மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நைட்ரோ எரிந்த மிச்சம் உலோகத்தை அரிக்கும். முதலில் துருப்பிடிப்பவை பேரிங்குகள். பிளக்கைக் கழற்றி, கார்புரேட்டர் வழியாகவும் பிளக் துளை வழியாகவும் சில சொட்டுப் பாதுகாப்பு எண்ணெயை விட்டு, ஸ்டார்ட்டரால் சில முறை சுழற்றிவிட்டுப் பிளக்கை மறுபடி பொருத்தி வையுங்கள். அடுத்த முறை எரிபொருள் ஊற்றும்போது நீடில்கள் விட்ட இடத்திலேயே இருக்கும். இருந்தாலும் முதல் டேங்கை ஹோவரில் ஓட்டி, புகையைப் பார்த்துவிட்டே ஏற்றத்துக்குப் போங்கள். வணக்கம்.