25 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வீடு

[காட்சி: பெரும்பாக்கம் அடுக்குமாடிகள், மேலிருந்து]

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம், கூவம், அடையாறு கரையோரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கிற பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. கான்கிரீட் கூரை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. குடிசையில் இருந்தவர்களுக்கு இது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் வீடு மாறியபோது பிழைப்பும் இடம் மாறிவிட்டது.

[காட்சி: விடியற்காலை பேருந்து நிறுத்தம்]

நுங்கம்பாக்கத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். கூவம் கரையில் இருந்தவரை, காலையில் ஒரு வீட்டு வேலையை முடித்து, வீட்டுக்கு வந்து பிள்ளைக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். எல்லாம் நடைதூரம். இப்போது அதே வேலைக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வர வேண்டும், பஸ் மாறி. நடுவில் வீட்டுக்கு வந்துபோக வழியே இல்லை. பஸ் கிடைக்காமல் நாலு நாள் தாமதமானால் வேலை கொடுத்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனாலும் பயணத்தில் போகிற நேரம் போவதுதான்.

அப்புறம் கடன். பழைய இடத்தில் மளிகைக் கடையில் கணக்கு எழுதி வாங்கலாம், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று கிடைக்கும். குலுக்கலில் வீடு ஒதுக்கும்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வேறு பிளாக்குக்குப் போய்விடுகிறார்.

[காட்சி: பழுதான லிப்ட், படியேறும் பாட்டி]

தரைத்தளத்துக்கு மேல் 7 மாடி. லிப்ட் நின்றால் மேலே இருக்கிற பாட்டி மருந்து வாங்கவும் இறங்க முடியாது. இதேபோல் குடிசைவாசிகளை இடம் மாற்றிக் குடியமர்த்திய, 2000-இல் குடியேற்றம் தொடங்கிய கண்ணகி நகரில் இன்னொரு வலியும் உண்டு. முகவரியைச் சொன்னதும் வேலை தர யோசிக்கிறார்கள். இதை அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

[காட்சி: வில்லிவாக்கம் தெரு]

வேறு வழி இல்லையா? இருந்தது. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டியது. 1977 முதல் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் தண்ணீர், சாலை வசதியோடு சின்ன மனைகள் தரப்பட்டன. காசு சேரச் சேர மக்களே அறை அறையாகக் கட்டிக்கொண்டார்கள். நகருக்குள் நிலம் விலை ஏறியதும் ஏழைகளுக்கான வீடுகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன.

அதே இடத்தில் கட்டினாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை வைத்தாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை எல்லோரும் பார்த்தோம்.

இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், படிப்பாண்டின் நடுவில் மாற்றக் கூடாது. பள்ளியில் இடம், ரேஷன் கடை, காலை 5 மணிக்கு ஓடும் பஸ், இவை மூன்றும் சாவி கொடுக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.